மலையில் ஒரு சமதளம்

நீலகிரியில் டென்னிஸ் ஆடுகளம் வைத்திருக்கும் மன்றங்களின் செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். எனக்கு வயது 29. பத்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அதில் ஏழு வருடமாக டென்னிஸ் ஆடுகிறேன். போன மாதம் உங்கள் மன்றங்களில் ஒன்றின் டென்னிஸ் கோர்ட் வாசல்வரை வந்தேன். உள்ளே வர முடியவில்லை. எந்த மன்றம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அன்று எனக்குக் கிடைத்த பதில் மற்ற வாசல்களிலும் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதனால் உங்கள் எல்லோரிடமும் ஒரே தடவையில் கேட்டுவிடுகிறேன்.

நடந்து போகிறவர்களுக்கு மலையின் ஏற்ற இறக்கம் மூச்சு வாங்குகிற விஷயம், அவ்வளவுதான். சக்கரத்தில் போகிறவளுக்கு அது வேறு. எங்கள் லைனிலிருந்து தார் ரோட்டுக்கு 42 படி. ரேஷன் கடை இறக்கத்தில் இருக்கிறது, மாரியம்மன் கோயில் ஏற்றத்தில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நாற்காலியின் பிரேக்கைப் போட்ட பிறகும் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துக்கொண்டுதான் காத்திருப்பேன். இரண்டு கையையும் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரக்கூடிய இடம் இந்தப் பக்கம் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூட மைதானம். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து எடை போடும் இடம். அப்புறம், உங்கள் டென்னிஸ் கோர்ட்.

ஒரு கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 10.97 மீட்டர். பின்னாலும் பக்கத்திலும் ஓடுவதற்கு விடும் இடத்தையும் சேர்த்தால் சுமார் 36-க்கு 18 மீட்டர் வேண்டும். மலையில் அத்தனை பெரிய சமதளம் தானாக அமைவதில்லை. யாரோ மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, தடுப்புச்சுவர் கட்டி உண்டாக்கியிருக்கிறார்கள். என் தாத்தாவும் பாட்டியும் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள். தாத்தா சாகும்வரை மண்வெட்டி பிடித்தவர். ரோடு, தடுப்புச்சுவர், ஒரு பள்ளிக்கூடத்தின் மைதானம் என்று அவர் கைபட்ட இடங்களை வழியில் காட்டிக்கொண்டே போவார். சமதளம் என்றாலே எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும்.

எனக்கு அடிபட்டது 19 வயதில். அம்மாவுக்கு உடம்பு முடியாத ஒருநாள், அவருக்குப் பதிலாகக் கொழுந்து பறிக்கப் போனேன். ஆள் ஏற்றிப்போன பிக்கப் மழையில் சறுக்கி ரோட்டை விட்டுக் கீழே உருண்டது. கோவையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு வேலூரில் ஏழு மாதம் மறுவாழ்வுப் பயிற்சி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்க் குழாயை நானே போட்டுக்கொள்வது, உட்காரும் இடத்தில் புண் வராமல் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கிவிடுவது எல்லாம் அங்கே கற்றதுதான். அங்கேதான் ஒரு பிசியோதெரபி அக்கா தன் போனில் எஸ்தர் வெர்கீரின் ஆட்டத்தைக் காட்டினார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெர்கீர் நெதர்லாந்துக்காரர், 1981-இல் பிறந்தவர். எட்டு வயதில் தண்டுவடத்தில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது, அதன்பின் கால்கள் செயலிழந்துவிட்டன. மறுவாழ்வுக் காலத்தில் கூடைப்பந்தும் டென்னிஸும் பழகினார். கூடைப்பந்தில் நாட்டின் அணிக்கே ஆடியவர், பிறகு டென்னிஸுக்கு வந்துவிட்டார். 2003 ஜனவரியில் சிட்னியில் ஒரு ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றார். 2013 பிப்ரவரியில் ஓய்வை அறிவிக்கும்வரை அவர் ஒற்றையரில் மறுபடி தோற்கவே இல்லை. வரிசையாக 470 வெற்றி. 2000, 2004, 2008, 2012 என்று நான்கு பாராலிம்பிக்கிலும் ஒற்றையர் தங்கம் அவருக்குத்தான். இரட்டையரையும் சேர்த்தால் ஏழு தங்கம். 2008 பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில் அதே நாட்டைச் சேர்ந்த கோரி ஹோமன் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தால் அந்த வரிசை அங்கேயே அறுந்திருக்கும். வெர்கீர் அந்தப் புள்ளியைக் காப்பாற்றி, கடைசி செட்டை டைபிரேக்கரில் வென்றார்.

இந்தக் கணக்கெல்லாம் நான் பிறகு தேடித் தெரிந்துகொண்டது. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பார்த்தபோது என் கண்ணில் நின்றது அவர் திரும்புகிற விதம். பந்தை அடித்த கையோடு நெட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் வளைந்து உருண்டு, அடுத்த பந்துக்கு மறுபடி முன்னால் வருவார். நாற்காலி நிற்கவே நிற்காது. சக்கர நாற்காலி பக்கவாட்டில் நகராது, பாருங்கள். கால் உள்ளவர் வலப்பக்கம் இரண்டு எட்டு வைத்து எடுக்கிற பந்துக்கு நாங்கள் நாற்காலியையே திருப்பியாக வேண்டும். நின்றுபோன நாற்காலியைக் கிளப்பித் திருப்புவதற்குள் பந்து போய்விடும். அதனால் உருண்டுகொண்டே திரும்புவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ராக்கெட்டைப் பிடித்திருக்கும் அதே கையால் சக்கரத்தின் விளிம்பையும் தள்ள வேண்டும். அது வசப்படுவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஆட்டத்துக்கான நாற்காலியும் வேறு. சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். அதனால் சட்டென்று திரும்பும், பக்கவாட்டில் எளிதில் கவிழாது. மல்லாந்து விழாமல் இருக்கப் பின்னால் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. பிரேக் கிடையாது. இடுப்பையும் தொடையையும் பாதத்தையும் பட்டையால் நாற்காலியோடு கட்டிக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து புதிதாக வாங்கினால் சில லட்சம் ஆகும். பெங்களூரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தபோது, ஆட்டத்தை விட்டுவிட்ட ஒருவர் தன் பழைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அதில்தான் இன்றுவரை ஆடுகிறேன்.

கோர்ட், நெட், பந்து, ராக்கெட் எல்லாம் உங்களுடையவைதான், ஒன்றுகூட மாறாது. விதியில் முக்கியமான வேறுபாடு ஒன்றே ஒன்று: பந்து இரண்டு முறை தரையில் படலாம். முதல் முறை கோர்ட்டுக்குள் பட வேண்டும், இரண்டாவது வெளியிலும் படலாம். இந்த ஆட்டத்தை 1976-இல் தொடங்கிவைத்தவர் பிராட் பார்க்ஸ் என்ற அமெரிக்கர். பனிச்சறுக்குப் போட்டிக்குப் போன இடத்தில், 18 வயதில், மலைச்சரிவில் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். பள்ளத்தில் உருண்ட எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது என்னவோ போல் இருந்தது. 1988-இல் சியோலில் காட்சி ஆட்டமாக வைத்தார்கள், 1992 பார்சிலோனாவிலிருந்து பாராலிம்பிக்கில் பதக்கம் தருகிறார்கள்.

சரி, அன்று உங்கள் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டுக்கு இறங்க மூன்று படி. அதற்குப் பிறகு இரண்டரை அடி அகலத்தில் ஒரு கம்பிவலைக் கதவு. செயலாளர் ஐயா கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. தூறலில் குடை பிடித்துக்கொண்டு வந்து, டீ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். கடைசியில் மூன்று காரணம் சொன்னார். அவர் மனதில் இருந்தது உங்களில் பலர் மனதிலும் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

சக்கரம் தரையைக் கீறிவிடும் என்றார். எங்கள் நாற்காலிக்கும் சைக்கிளைப் போல ரப்பர் டயர்தான். விம்பிள்டன் புல்தரையில் 2016-இலிருந்து சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டம் நடக்கிறது. பாரிஸின் செம்மண் தரையிலும் நடக்கிறது. அந்தத் தரைகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவர்களே எங்களை ஆட விடுகிறார்கள். நீங்கள் வேண்டுமானால் ஒரு மணி நேரம் ஆட விட்டுவிட்டுத் தரையைக் குனிந்து பாருங்கள்.

விழுந்தால் யார் பொறுப்பு என்றார். விழத்தான் செய்வோம். நாற்காலியோடு கட்டியிருப்பதால் நாற்காலியோடு விழுவோம், கையை ஊன்றி நாற்காலியோடு எழுவோம். எழ முடியாதவரைப் பக்கத்தில் இருப்பவர் தூக்கிவிடுவார். எங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் தருகிறோம்.

மூன்றாவதாக, உறுப்பினர்களுக்கு இடைஞ்சலாகிவிடும் என்றார். இதுதான் எனக்கு அதிகம் வலித்தது, இதற்குத்தான் விதிப்புத்தகத்திலேயே நல்ல பதிலும் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவரும் காலால் ஓடுபவரும் சேர்ந்தோ எதிர்த்தோ ஆடலாம். எங்களுக்கு இரண்டு துள்ளல், உங்களுக்கு ஒன்று. கோவையில் அறுபதைத் தாண்டிய ஒரு ஐயாவோடு நான் இப்படி ஆடியிருக்கிறேன். முதல் நாள் எனக்குப் பாவம் பார்த்து மெதுவாகப் போட்டார். மூன்றாவது நாள் என் பேக்ஹேண்டையே, அதாவது ராக்கெட் பிடிக்காத கையின் பக்கத்தையே, குறிவைத்து அடித்தார். அன்று நான் சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

ஆனால் அந்தக் கோவைக் கோர்ட் எனக்கு 70 கிலோமீட்டர் தூரம். தம்பி வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கும் நாளில், பட்டறை வண்டியில் நாற்காலியை ஏற்றி, கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாகப் போய் வந்தால் ஒருநாள் கூலி போய்விடும், டீசல் வேறு. மாதம் இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. எதிரில் ஆடுகிறவர்கள் வாரம் ஐந்து நாள் பழகிவிட்டு வருகிறார்கள்.

2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என்று நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர் பாட்மின்டனில் பதக்கம் வாங்கியபோது எங்கள் லைனில் பட்டாசு வெடித்தோம். அம்மா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நீ ஆடுற ஆட்டத்துக்கு மட்டும் நம்ம பக்கம் இடமே இல்லையா பிள்ளை?” இடம் இருக்கிறதம்மா, கதவுதான் சின்னதாக இருக்கிறது என்றேன்.

ஒரு மையம் கதவைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஷிங்கோ குனியேடாவைச் சொல்லலாம். 1984-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தண்டுவடத்தில் கட்டி வந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். 11 வயதில் அவர் அம்மா அவரைக் காஷிவா ஊரில் இருந்த ஒரு டென்னிஸ் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போனார். மற்றவர்களோடு நாற்காலியில் இருப்பவர்களும் பழகுகிற இடம் அது. அந்தப் பையன்தான் பின்னாளில் ஒற்றையரில் 28, இரட்டையரில் 22 என்று டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் 50 பட்டங்களை வென்றார். 2008-இலும் 2012-இலும் பாராலிம்பிக் ஒற்றையர் தங்கம். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2016 ரியோவில் ஒற்றையரில் காலிறுதியோடு வெளியேறினார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் 2021-இல், சொந்த நாட்டில், டோக்கியோவில் மறுபடி ஒற்றையர் தங்கத்தை எடுத்தார். கைக்கு எட்டாமலே இருந்த விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 2022-இல், முதல் செட்டை இழந்த பிறகு, 38 வயதில் வென்றார். அடுத்த ஜனவரியில் உலகின் முதலிடத்தில் இருக்கும்போதே ஓய்வு பெற்றார். எலும்புப் புற்றுநோயால் ஒன்பது வயதில் காலின் வலுவை இழந்த டோக்கிட்டோ ஓடா, குனியேடாவின் 2012 லண்டன் ஆட்டத்தைக் காணொளியில் பார்த்துவிட்டு டென்னிஸுக்கு வந்தார். 2024 பாரிஸில் ஒற்றையர் தங்கம் அவருக்கு. அப்போது வயது 18.

உங்களிடம் நான் தங்கம் கேட்கவில்லை. அந்த அம்மா தன் பையனைக் கூட்டிப்போன அன்று அங்கே யாரோ ஒருவர் “உள்ளே வா” என்று சொல்லியிருப்பார் இல்லையா, அதைத்தான் கேட்கிறேன்.

நம் மலை இந்த ஆட்டத்துக்கு நல்ல இடம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது. அதனால் சூட்டை வெளியேற்ற முடியாது. ஏப்ரல் மாதக் கோவை வெயிலில் இரண்டு செட் ஆடினால் எனக்குக் கண் இருட்டிவிடும், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிடுவேன். அதே ஏப்ரலில் இங்கே காலை எட்டு மணிக்குக் குளிர்காற்று அடிக்கிறது. சமவெளியில் ஆடுகிறவர்கள் கோடையில் பயிற்சிக்குத் தேடிவர வேண்டிய இடம் இது. உயரத்தால் ஒரு சிக்கலும் இருக்கிறது, மறைக்கவில்லை. காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து வேகமாகப் போகும். 1219 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களுக்கென்றே சர்வதேச டென்னிஸ் விதியில் தனிப் பந்து வகைகளைச் சொல்லியிருக்கிறார்கள். குன்னூரே 1800 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஊட்டி 2200-க்கும் மேல். இங்கே இரண்டாவது துள்ளல் நன்றாகப் பின்னுக்குப் போகும், அதை எடுக்க நாங்களும் பின்னுக்கு உருள வேண்டும். அதனால் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் போட்டிருக்கும் உடைந்த பெஞ்சையும் ரோலரையும் கொஞ்சம் ஓரமாக நகர்த்திவைத்தால் போதும். மழைக்காலத்தில் நாங்களும் வரமாட்டோம். சக்கர விளிம்பு நனைந்தால் கை வழுக்கும்.

படியின் கணக்கையும் போட்டுவிட்டேன். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் மூன்று படி 45. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் சாய்தளம் வைத்தால் 5.4 மீட்டர் நீளம் வரும். உங்கள் படிக்கு முன்னால் அதற்கு இடம் இருக்கிறது, நான் பார்த்தேன். கதவு ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆட்ட நாற்காலியின் சக்கரம் கீழே விரிந்திருப்பதால் சாதாரண நாற்காலி நுழையும் இடத்தில் இது நுழையாது.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போகும் நாளில் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போவோம். பெண்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். அப்படி ஆடி, இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்திருக்கிறேன். ஒரே ஒரு கழிப்பறையின் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. விளையாட்டு வசதிகளை எங்களுக்கும் ஏற்றபடி மாற்றியமைக்கும் கடமையை அது அரசின் மேல் வைக்கிறது. அதை மாவட்ட அதிகாரிகளிடம் தனியாக மனுவாகக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் சட்டத்தை நீட்டிக்கொண்டு வரவில்லை. செவ்வாய், வியாழன் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை கோர்ட்டைக் கொடுங்கள். அந்த நேரத்தில் அது காலியாக இருப்பதை, அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் போகும்போது பல தடவை பார்த்திருக்கிறேன். மணிக்கு என்ன கட்டணமோ அதைக் கட்டுகிறோம்.

“எங்கள்” என்று எழுதுகிறேனே, யார் யார் என்று கேட்பீர்கள். இப்போதைக்கு நான்கு பேர். மரத்திலிருந்து விழுந்த ஒரு அண்ணன், சின்ன வயதில் போலியோ வந்த ஒரு அக்கா, நான். நான்காவது ஆள் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் ஒரு பையன், பிறவியிலிருந்தே நடக்காதவன். அவனுக்கு இப்போது 11 வயது. என் பழைய ராக்கெட்டைக் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டே சக்கரம் தள்ளுவதை அவன் வீட்டு வராந்தாவில் சொல்லிக்கொடுக்கிறேன். நேராகத் தள்ளுவது நன்றாக வந்துவிட்டது. திரும்புவதைத்தான் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. வராந்தாவின் அகலம் நான்கடி, அந்தப் பக்கம் சரிவு.

தம்பி செக்கர்டு தகட்டில் மூன்று துண்டாக மடிக்கும் சாய்தளம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டான். ஈரத்திலும் வழுக்காது. உங்கள் சுவரை உடைக்க வேண்டாம், படியின் மேல் வைத்துவிட்டு ஆட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். தார்ப்பாய் சுற்றி எங்கள் வாசலில் வைத்திருக்கிறோம். எந்த மன்றம் முதலில் வரச் சொல்கிறதோ அங்கே அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கோத்தகிரிப் பக்கத்துச் சக்கர நாற்காலி டென்னிஸ் ஆட்டக்காரி